ஆட்டமில்லாத மாதங்களின் நடுவர்

ஒரு கிரிக்கெட் பருவம் முடிந்ததும் கணக்குகள் வெளிவருகின்றன. அதிக ஓட்டங்கள் எடுத்தவர் யார், அதிக விக்கெட்டுகள் வீழ்த்தியவர் யார், எந்த அணிக்கு எத்தனை புள்ளிகள் என்று நாளேடுகள் அட்டவணை போடுகின்றன. அந்த அட்டவணைகள் எதிலும் இடம்பெறாத இருவர் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும், ஒவ்வொரு பந்தின்போதும் களத்தில் நின்றவர்கள் அவர்கள்தாம். மட்டையாளர் ஆட்டமிழந்தால் நிழலுக்குச் சென்றுவிடலாம். பந்துவீச்சாளர் ஆறு பந்துகளுக்குப் பின் எல்லைக்கோட்டருகே நின்று இளைப்பாறலாம். நடுவர் மட்டும் காலை முதல் மாலை வரை வெயிலில் நிற்கிறார். பருவம் முடிந்ததும் யாருடைய கவனத்துக்கும் வராமல் வீடு திரும்புகிறார்.

இலக்கிய வாசகர்கள் கூடுமிடத்தில் கிரிக்கெட் நடுவரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் தீர்ப்புச் சொல்லுதல் என்பது நம் இலக்கியத்தின் மிகப் பழைய கவலைகளுள் ஒன்று. வள்ளுவர் நடுவுநிலைமைக்கென்று ஒரு தனி அதிகாரம் வைத்தார். அறத்துப்பாலில் அது 12ஆவது. இளங்கோவடிகளின் காப்பியம் ஒரு தவறான தீர்ப்பின்மேல்தான் திரும்புகிறது. ஆகவே தீர்ப்புச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு சிறு கூட்டத்தைப் பற்றிப் பேசுவது நமக்கு அந்நியமானதன்று.

நான் சொல்ல வருவது இதுதான். நல்ல நடுவர் உருவாவது ஆட்டம் நடக்கும் மாதங்களில் அன்று. ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையுள்ள இடைவெளியில்தான். அந்த இடைவெளியை நம் விளையாட்டு அமைப்புகள் வெறும் விடுமுறையாகவே கருதுகின்றன. பணமும் அக்கறையும் கேமராக்களுக்குப் போகின்றன. கேமரா எட்டாத ஆயிரக்கணக்கான மைதானங்களில் தீர்ப்புச் சொல்லவேண்டிய மனிதரின் கல்விக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

*

தமிழில் 'நடுவர்' என்ற சொல் நடுவில் நிற்பவரைக் குறிக்கிறது. பட்டிமன்றத்துக்கும் நடுவர், கபடிக்கும் நடுவர். ஆங்கிலத்தின் 'அம்பயர்' என்ற சொல்லுக்கு வேறொரு வரலாறு. 'இணையில்லாதவர்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது பிறந்தது. இரு தரப்பிலும் சேராத மூன்றாமவர், ஒற்றையாய் நிற்பவர் என்பது கருத்து. அச்சொல்லின் முதலில் இருந்த நகர ஒலி, அதற்கு முன்னால் வரும் 'ஒரு' என்னும் பொருளுடைய சிறுசொல்லோடு ஒட்டிக்கொண்டு நாளடைவில் பிரிந்துபோயிற்று. தமிழ்ச் சொல் அவர் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. ஆங்கிலச் சொல் அவருடைய தனிமையைச் சொல்கிறது. பருவம் நடக்கும்போது அவர் நடுவில் நிற்பவர். பருவம் முடிந்தபின் இணையில்லாதவர்.

அவருடைய வேலையின் அளவைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 90 ஓவர்கள், அதாவது 540 பந்துகள். இரு நடுவர்களும் ஓவருக்கு ஓவர் இடம் மாறுவதால், பந்துவீச்சாளர் முனையில் ஒருவர் 270 பந்துகளைப் பார்க்கிறார். மீதி 270 பந்துகளை ஸ்கொயர் லெக் திசையிலிருந்து பார்க்கிறார். பந்துவீச்சாளர் முனையில் நிற்கும்போது முதலில் கண் கோட்டின்மேல் இருக்கவேண்டும். வீசுபவரின் முன்கால் எங்கே ஊன்றுகிறது என்று காண வேண்டும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை விநாடிதான் ஆகும். அந்த அரை விநாடிக்குள் கண் நிமிர்ந்து, பந்து எங்கே விழுந்தது, எவ்வளவு எழும்பியது, காப்பில் பட்டதா, மட்டையில் உரசியதா, படாமல் போயிருந்தால் ஸ்டம்பைத் தொட்டிருக்குமா என்று அறிய வேண்டும். அதே நேரத்தில் பதினொரு பேர் கூவுவார்கள். பெருமைக்குரிய ஆட்டமானால் ஐம்பதினாயிரம் பேர் கூவுவார்கள்.

இதைப் பிறவித் திறமை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. பிறவித் திறமைக்குப் பருவ இடைவெளி தேவையில்லை. பயிற்சியால் வரும் திறமைக்குத் தேவை.

*

பருவம் முடிந்து வீடு திரும்பும் நடுவரோடு கூடவே வருவது அவருடைய தவறுகளின் நினைவு. சரியாகச் சொன்ன தீர்ப்புகளை அவரே மறந்துவிடுவார். தவறாகச் சொன்னவை மறப்பதில்லை. அவற்றை என்ன செய்வது என்பதே இடைவெளியின் முதல் கேள்வி. தவறு என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அவை ஒரே வகையல்ல. வகை பிரித்தால்தான் மருந்து கிடைக்கும்.

முதல் வகை கண்ணின் தவறு. மட்டையில் உரசியதைக் காணவில்லை, ஒலியைக் கேட்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் கண் மெல்லத் தன் கூர்மையை இழக்கிறது. அது நிகழ்வதை உரியவரே உணர்வதில்லை. புத்தகம் படிக்கும் கண்ணாடியை மாற்றவே நாம் இரண்டு ஆண்டுகள் தயங்குகிறோம். இவ்வகைத் தவறுக்கு மருந்து மனவுறுதியன்று, ஆண்டுதோறும் தவறாத கண் பரிசோதனை.

இரண்டாம் வகை நிற்குமிடத்தின் தவறு. ரன் அவுட் தீர்ப்பில் இது மிகுதி. பந்து எந்தப் பக்கம் அடிக்கப்பட்டதோ அதற்கேற்ப நடுவர் ஓடி, கோட்டுக்கு நேர்ப்பக்கவாட்டில் சென்று, ஸ்டம்ப் கலையும் கணத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே பார்க்கும் கண் தெளிவாகப் பார்ப்பதில்லை. கோணம் சற்றுச் சாய்ந்தாலும் கோட்டைத் தாண்டாத மட்டை தாண்டியதாகத் தோன்றும். இதற்கு மருந்து உடற்பயிற்சி. முழங்கால் வலிக்கும் நடுவர் இரண்டடி குறைவாக ஓடுவார்; அந்த இரண்டடியில் ஒரு மட்டையாளரின் பருவம் தொலையலாம்.

மூன்றாம் வகை விதியறிவின் தவறு. இதற்கு உலகமே பார்த்த ஒரு சான்று இருக்கிறது. 2019 ஜூலை 14, இலண்டன் லார்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை இறுதியாட்டம். கடைசி ஓவரில் நியூசிலாந்தின் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து, இரண்டாம் ஓட்டத்துக்குப் பாய்ந்த இங்கிலாந்தின் பென் ஸ்டோக்சின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டைக் கடந்தது. நடுவர்கள் குமார தர்மசேனவும் மராய் எராஸ்மசும் கலந்துபேசி ஆறு ஓட்டங்கள் அளித்தனர். 19ஆம் விதியின்படி, பந்து எறியப்பட்ட கணத்தில் மட்டையாளர்கள் இருவரும் ஒருவரையொருவர் கடந்திருந்தால்தான் அந்த ஓட்டம் கணக்கில் சேரும். அவர்கள் அப்போது கடந்திருக்கவில்லை. ஐந்து ஓட்டங்கள்தாம் கொடுத்திருக்கவேண்டும் என்று முன்னாள் நடுவர் சைமன் டாஃபல் சுட்டிக்காட்டினார். அடுத்த பந்தைச் சந்திக்கவேண்டியவரும் ஸ்டோக்ஸ் அல்ல, ஆதில் ரஷீத். ஆட்டம் சமனில் முடிந்து, சூப்பர் ஓவரும் சமனில் முடிந்து, அடித்த பவுண்டரிகளின் எண்ணிக்கையால் இங்கிலாந்து கோப்பையை வென்றது. தவறு நேர்ந்ததைத் தர்மசேன பின்னர் ஒப்புக்கொண்டார். எராஸ்மசும் தம் ஓய்வுக்குப் பிறகு 2024இல் ஒப்புக்கொண்டார்.

இருவரும் அன்று உலகின் தலைசிறந்த நடுவர்களுள் அடங்கியவர்கள். விதி அவர்களுக்குத் தெரியாததன்று. அந்த விதி தேவைப்படும் தருணம் ஒரு நடுவரின் வாழ்நாளில் ஓரிரு முறையே வரும். அரிதாக வருவதை உடனே நினைவுக்குக் கொண்டுவரத் திரும்பத் திரும்பப் படித்திருக்க வேண்டும். வாரம் தவறாமல் ஆட்டம் இருக்கும் பருவத்தில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஆட்டமில்லாத மாதங்களில்தான் அரிய விதிகளைப் படிக்க முடியும்.

நான்காம் வகை மனத்தின் தவறு. காலையில் ஒரு தவறு செய்துவிட்டோம் என்ற உறுத்தலில், மாலையில் எதிரணிக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு. அல்லது கூச்சலுக்கு அஞ்சி ஒரு தீர்ப்பு. அல்லது கூச்சலுக்கு அஞ்சவில்லை என்று காட்டுவதற்காக ஒரு தீர்ப்பு. 2006இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் பாகிஸ்தான் அணி பந்தைச் சேதப்படுத்தியது என்று டாரல் ஹேரும் பில்லி டாக்ட்ரோவும் முடிவு செய்தனர். ஐந்து ஓட்டங்கள் தண்டம் விதித்தனர். தேநீர் இடைவேளைக்குப் பின் பாகிஸ்தான் அணி களத்துக்கு வர மறுத்தது. ஆட்டத்தை இங்கிலாந்துக்கு அளித்தார்கள். டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு விட்டுக்கொடுக்கப்பட்ட முதல் ஆட்டம் அது. விதிநூலைத் திறந்து வைத்துக்கொண்டு நடுவர்களுக்காக வாதாடலாம். ஆயினும் அந்தப் பிற்பகலில் தேவைப்பட்டது விதியறிவு மட்டுந்தானா என்ற ஐயம் இன்றும் எனக்கு உண்டு. கோபத்தோடு இருக்கும் பதினொரு பேரிடம் எப்படிப் பேசுவது என்பதும் நடுவர் கற்கவேண்டிய பாடம். அதைச் சக நடுவர்களோடு உட்கார்ந்து, நடந்தவற்றைப் பேசிப் பேசித்தான் கற்க முடியும்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் தீர்ப்புத் தவறென்று அறிந்த கணமே உயிர்விட்டான். காப்பியத்துக்கு அது பெருமை. ஆனால் தவறிய நடுவர் அடுத்த வாரம் மீண்டும் களத்துக்கு வந்தாக வேண்டும். தன் தவறைச் சுமந்துகொண்டு, அது தன் அடுத்த தீர்ப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி என்பதை எந்தக் காப்பியமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

*

இடைவெளியின் அடுத்த பணி, மாறிய விதிகளைக் கற்பது. கிரிக்கெட் விதிகள் கல்லில் எழுதியவையல்ல. 1744இல் முதன்முதலில் தொகுக்கப்பட்ட அவற்றை 1788 முதல் இலண்டனின் மேரிலபோன் கிரிக்கெட் கழகம் காத்துவருகிறது. அவ்வப்போது திருத்தியும் வருகிறது. 2017 அக்டோபர் 1ஆம் நாள் ஒரு புதிய தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. மட்டையின் விளிம்பு 40 மில்லிமீட்டருக்கும், கனம் 67 மில்லிமீட்டருக்கும் மிகக்கூடாது என்றது அது. பந்தைக் கையால் தொட்டு ஆட்டமிழப்பது தனி வகையாக இருந்ததை நீக்கி, தடுப்புக் குற்றத்தோடு சேர்த்தது. முறைகேடாக நடக்கும் ஆட்டக்காரரைக் களத்தைவிட்டு அனுப்பும் அதிகாரத்தை நடுவருக்குக் கொடுத்தது. 2022 அக்டோபர் 1ஆம் நாள் மேலும் திருத்தங்கள் வந்தன. எல்லைக்கோட்டுக்கு வெளியே எம்பித் தட்டிப் பிடிக்கும் கேட்சைப் பற்றிய திருத்தம் 2025இல் அறிவிக்கப்பட்டபோது, விதிநூலில் அது சேரும் நாளாகக் குறிக்கப்பட்டதும் 2026 அக்டோபர்தான்.

இந்த அக்டோபர் மாதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் செப்டம்பர் இறுதியில் பருவம் முடிந்துவிடும். அங்குள்ள நடுவருக்குப் புதிய விதிகளைப் படிக்க, விவாதிக்க, பழக ஆறு மாதக் குளிர்காலம் கிடைக்கிறது. இந்தியாவிலோ உள்நாட்டு ஆட்டங்கள் சூடுபிடிக்கும் காலமே அக்டோபர்தான். ரஞ்சி ஆட்டங்கள் பெரும்பாலும் அதையொட்டித்தான் தொடங்குகின்றன. நம் நடுவருக்குப் புதிய விதியும் புதிய பருவமும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. ஆகவே அறிவிப்பு வெளியான நாளிலிருந்து அக்டோபர் வரையுள்ள மழைக்காலந்தான் நமக்கு வகுப்பறை. அதை வீணடித்தால் கற்றுக்கொள்வதே ஆட்டத்தின் நடுவில்தான் என்றாகிவிடும். அந்தப் பாடத்துக்கான விலையை ஏதோ ஒரு மட்டையாளர் கொடுப்பார்.

புதியதைக் கற்பதைவிடப் பழையதை மறப்பது கடினம். 2022க்கு முன் ஒரு கேட்ச் பிடிக்கப்படும்போது, மட்டையாளர்கள் ஒருவரையொருவர் கடந்துவிட்டார்களா என்று நடுவர் ஓரக்கண்ணால் பார்த்தாக வேண்டும். கடந்திருந்தால் மறுமுனையில் இருந்தவர் அடுத்த பந்தைச் சந்திப்பார். 2022இன் திருத்தத்துக்குப் பிறகு கடந்தாலும் கடக்காவிட்டாலும், அந்தப் பந்தோடு ஓவர் முடிந்தாலொழிய, புதிதாக வருபவரே அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும். இருபது ஆண்டுகள் ஓரக்கண்ணால் பார்த்துப் பழகியவருக்கு, இனிப் பார்க்கவேண்டாம் என்று கண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கச் சில மாதங்களாவது வேண்டும். சீர்திருத்த எழுத்து வந்த காலத்தில் பழைய 'லை'யையும் 'னை'யையும் எழுதிய கைகள் பட்ட பாடு நம் மூத்த ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். அறிவு ஒரே நாளில் ஒப்புக்கொண்டுவிடும். கை ஒப்புக்கொள்ளாது.

கால்பந்தில் இந்த ஒழுங்கு சற்று நன்றாகவே இருக்கிறது. ஆண்டுதோறும் விதித் திருத்தங்கள் ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வருகின்றன. ஐரோப்பியப் பருவங்கள் முடிந்து அடுத்தவை தொடங்காத இடைவெளி அது. திருத்தும் நாளை நிர்ணயித்தவர்கள், நடுவர்களுக்கும் கற்கும் காலம் தேவை என்பதை உணர்ந்திருக்கிறார்கள்.

*

நம் நாட்டில் இந்தப் படிப்பு எந்த நிலையில் இருக்கிறது? 2022இல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் அகமதாபாத்தில் ஒரு தேர்வு நடத்தியது. பெண்கள் ஆட்டங்களிலும் இளையோர் ஆட்டங்களிலும் நடுவராக நிற்பதற்கான தகுதித் தேர்வு. எழுதியவர்கள் 140 பேர், தேறியவர்கள் மூவர் என்று செய்தித்தாள்களில் வந்தது. ஆடுகளத்தின்மேல் கட்டடத்தின் நிழலோ, மரத்தின் நிழலோ, களத்தடுப்பாளரின் நிழலோ விழுந்து மட்டையாளர் முறையிட்டால் என்ன செய்வீர்கள் என்பது கேட்கப்பட்ட வினாக்களுள் ஒன்று. செய்தியைப் படித்தவர்கள் நகைத்தார்கள். இப்படியெல்லாம் ஒரு கேள்வியா என்றார்கள்.

எனக்கு அந்த வினாவில் நகைப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டடமும் மரமும் அசையா. அவற்றின் நிழலைப் பற்றி மட்டையாளர் முறையிட இடமில்லை. மனிதன் அசைவான், அவன் நிழல் மட்டையாளரின் கவனத்தைக் கலைக்கும். விதியின் உட்பொருளை உணர்ந்தவர் விடையைத் தாமே வருவித்துக்கொள்ளலாம். விதியின் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் திகைத்துப்போவார். களத்தில் நிற்கும் செய்முறைத் தேர்வில் பலரும் நன்றாகச் செய்து, எழுத்துத் தேர்வில்தான் சறுக்கினார்கள் என்றும் செய்திகள் கூறின. அவர்கள் பருவத்தில் நிறையக் களங்கண்டவர்கள். இடைவெளியில் கற்பிப்பார் இல்லாதவர்கள். 137 பேரைக் குறைசொல்வது எளிது. அவர்களுக்கு எந்த மாதத்தில், எந்த இடத்தில், யார் பாடம் நடத்தினார்கள் என்று கேட்பதுதான் முறை.

கல்லூரியில் பணிபுரிபவன் என்ற முறையில் இந்த நிலை எனக்குப் பழக்கமானது. பருவத் தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் முகாமில் நாங்களும் நடுவர்களாகிறோம். ஒரே விடைக்கு ஒருவர் எட்டும் இன்னொருவர் ஐந்தும் போடுவது அங்கே அன்றாடக் காட்சி. மதிப்பெண் எப்படிப் போடுவது என்று ஆசிரியர்கள் கூடிப் பேசும் ஒரு நாள் முகாமுக்கு முன் இருந்தால் இந்த வேறுபாடு பாதியாகக் குறையும். அந்த ஒரு நாளுக்குத்தான் எப்போதும் நேரமிருப்பதில்லை. மாணவருக்கு மறுமதிப்பீடு என்ற வழி இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். கிரிக்கெட்டின் மறுபரிசீலனை முறையும் அதே ஆறுதல்தான். ஒரு வேறுபாடு: நாங்கள் எங்கள் தீர்ப்பை மாணவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. நடுவருக்கு அந்த மறைவிடம் இல்லை.

*

தயாரிப்பின் பெருமையைச் சொல்ல நம் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த எஸ். வெங்கட்ராகவன், 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகள் வீழ்த்திய சுழற்பந்து வீச்சாளர். 1975, 1979 ஆகிய இரு உலகக் கோப்பைகளிலும் இந்தியாவின் தலைவர். அவர் பெயர் உலகெங்கும் மீண்டும் ஒலித்தது நடுவராகத்தான். 1993 முதல் 2004 வரை 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றார். ஆடியதைவிட அதிக டெஸ்டுகளில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். ஆடியவருக்கு நடுவர் வேலை எளிது என்பார்கள். அப்படியானால் ஓய்வுபெறும் ஆட்டக்காரர்கள் எல்லோரும் நல்ல நடுவர்களாகியிருக்க வேண்டும். பந்துவீசுபவனாக முறையிட்டுப் பழகிய குரலை அடக்கி, முறையீட்டைக் கேட்பவனாக மாறுவது ஒரு மறுபிறப்பு. நாற்பத்தைந்து வயதுக்குமேல் மாணவனாகி விதிநூலைத் திறப்பவருக்கே அது வாய்க்கும்.

சைமன் டாஃபல் இதற்கு நேர்மாறான பாதையில் வந்தவர். முதுகுக் காயத்தால் ஆட்டத்தை இளமையிலேயே கைவிட்டவர்; நாட்டுக்காக ஆடியதே இல்லை. 2004 முதல் 2008 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் உலகின் சிறந்த நடுவர் விருது அவருக்கே கிடைத்தது. ஆட்டத்துக்கு முந்தைய நாள்களில் வலைப்பயிற்சி நடக்கும் இடத்துக்குச் சென்று, பந்துவீச்சாளரின் முனையில் நின்று, கண்ணையும் காதையும் பழக்கிக்கொள்வது அவர் வழக்கம். ஒருவர் புகழ்பெற்ற ஆட்டக்காரர், மற்றவர் பெயரறியா ஆட்டக்காரர். இருவருக்கும் பொதுவானது, யாரும் பார்க்காத நேரத்தில் செய்த உழைப்பு.

*

இனி இயந்திரத்துக்கு வருவோம். கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்போது நடுவரின் கல்வியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். 1992இல் டர்பனில் சச்சின் டெண்டுல்கர் தொலைக்காட்சி மறுஒளிபரப்பின் துணையால் ரன் அவுட் என்று அறிவிக்கப்பட்ட முதல் மட்டையாளர் ஆனார். 2008இல் இலங்கையில் நடந்த இந்தியத் தொடரில் மறுபரிசீலனை முறை சோதிக்கப்பட்டது. இவற்றால் அநீதி குறைந்திருக்கிறது என்பதை மறுப்பவன் அல்லன் நான். 2008 ஜனவரியில் சிட்னியில் நடந்த டெஸ்டைப் பார்த்த எவரும் மறுக்கமாட்டார்.

ஆனால் 2025இல் விம்பிள்டனில் நடந்ததைப் பாருங்கள். 1877இல் தொடங்கிய அப்போட்டியில் அந்த ஆண்டு முதன்முறையாகக் கோட்டு நடுவர்கள் எவரும் இல்லை. பந்து வெளியே விழுந்தால் இயந்திரமே குரல் கொடுக்கும். நான்காம் சுற்றில், மைய அரங்கில், பாவ்லியுசென்கோவாவும் பிரிட்டனின் சோனே கார்ட்டலும் ஆடியபோது, களத்தின் ஒரு பகுதியில் அந்த இயந்திரத்தை யாரோ தவறுதலாக அணைத்துவிட்டார்கள். நாற்காலியில் இருந்த நடுவருக்கு அது தெரியாது. இயந்திரம் தவறவிட்ட மூன்று பந்துகளுள் இரண்டை அவரே அறிவித்தார். மூன்றாவது ஆட்டத்தின் முக்கியமான கட்டத்தில் வந்தது. தெளிவாக வெளியே விழுந்த பந்துக்கு இயந்திரம் வாய் திறக்கவில்லை. கடைசியில் அந்தப் புள்ளியை மீண்டும் ஆடச் சொன்னார்கள்.

இயந்திரம் மௌனமானபோது இரண்டு பந்துகளைச் சரியாகச் சொன்னது பழகிய ஒரு மனிதக் கண். நாற்காலி நடுவர்களில் பலர் கோட்டு நடுவர்களாகத் தொடங்கி மேலேறியவர்கள். கீழ்ப்படியை எடுத்துவிட்ட பிறகு, அடுத்த தலைமுறை நடுவர் அந்தக் கண்ணை எங்கே பழக்குவார்? இயந்திரத்தை அணைத்ததை மன்னிக்கலாம். பேசவேண்டிய நேரத்தில் பேசும் பழக்கத்தை மனிதர் இழந்துபோனால் அதைத் திருப்பிக் கொண்டுவருவது எளிதன்று.

இன்னொன்றும் உண்டு. இயந்திரம் இருப்பது தொலைக்காட்சியில் வரும் ஆட்டங்களில் மட்டுமே. சென்னை லீக்கின் கீழ்ப்பிரிவுகளிலும், மாவட்டப் போட்டிகளிலும், கல்லூரிகளுக்கிடையேயான ஆட்டங்களிலும் இரண்டு மனிதர்கள்தாம் இருக்கிறார்கள். மாநில அணிக்குத் தேர்வாவானா மாட்டானா என்ற விளிம்பில் நிற்கும் பத்தொன்பது வயது இளைஞனின் எதிர்காலம் முடிவாவது அங்கேதான். தவறான எல்பிடபிள்யூ தீர்ப்பால் விராட் கோலி இழப்பது ஓர் ஆட்டத்தை. அந்த இளைஞன் இழப்பது ஒரு வாழ்க்கையாகவே இருக்கலாம். அவனுக்கு மறுபரிசீலனையும் கிடையாது, மறுமதிப்பீடும் கிடையாது.

*

ஆகவே என் வேண்டுகோள்கள் எளியவை. உள்ளூர் ஆட்டங்களின் நடுவருக்கு ஊதியம் ஆட்டநாளுக்குத்தான். ஆட்டமில்லாத நாளில் அவருக்கு வருமானமில்லை. அன்றைய கற்றலுக்கும் மதிப்பில்லை. வங்கியிலோ, இரயில்வேயிலோ, பள்ளியிலோ வேலை பார்த்துக்கொண்டு விடுமுறை நாள்களை மைதானத்துக்குக் கொடுப்பவர்கள் பலர். அவர்களிடம் இன்னும் படியுங்கள் என்று வெறுங்கையோடு சொல்வது நியாயமன்று. பருவ இடைவெளியில் ஆண்டுக்குப் பத்து நாள்கள் பயிற்சி வையுங்கள். அந்தப் பத்து நாள்களுக்கும் ஆட்டநாள் ஊதியத்தைக் கொடுங்கள். புதிய பருவம் தொடங்குமுன் கண் பரிசோதனையைச் சங்கத்தின் செலவில் செய்யுங்கள். முடிந்த பருவத்தின் சிக்கலான தீர்ப்புகளைப் பெயர் சொல்லாமல் தொகுத்து, மூத்த நடுவர்களும் இளையவர்களும் உட்கார்ந்து விவாதிக்க வழிசெய்யுங்கள். தண்டிப்பதற்காக அன்று, கற்பதற்காக.

தமிழ் ஆசிரியனாக ஒரு வேண்டுகோள் கூடுதலாக உண்டு. விதிநூல் எளிய தமிழில், தக்க விளக்கவுரையோடு, மாவட்ட நடுவர் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். ஒரு நூற்பாவுக்குப் பல உரைகள் எழுதி, மேற்கோள் காட்டி, மறுத்து, நிறுவிய மரபு நம்முடையது. நன்னூலைப் படிப்பதுபோல் 19ஆம் விதியைப் படித்து, 'கடந்த கணம் எது?' என்று நான்கு பேர் ஒரு மாலை முழுதும் வாதிட்டிருந்தால், அந்த விதி கடைசி ஓவரில் கைகொடுக்கும். அயல்மொழியில் மனப்பாடம் செய்த வாக்கியம் கூச்சலுக்கு நடுவே நினைவுக்கு வருவது அரிது.

நடுவரும் மனிதர்தானே, அவருக்கு ஓய்வு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். பருவம் முடிந்த முதல் மாதம் முழுவதையும் அவர் குடும்பத்துக்கே கொடுக்கட்டும். தொப்பியையும் பந்துகளை எண்ணும் கருவியையும் அலமாரியில் வைத்துவிட்டுக் கிரிக்கெட்டே பார்க்காமல் இருக்கட்டும். ஓய்வெடுக்காத மனம் துலாக்கோல் ஆகாது. ஆனால் ஓய்வுக்கும் புறக்கணிப்புக்கும் வேறுபாடு உண்டு. நாம் அவருக்குக் கொடுத்துவருவது ஓய்வன்று.

அடுத்த பருவம் தொடங்கும் காலையில் வெள்ளைக்கோடு புதிதாக இழுக்கப்பட்டிருக்கும். முதல் ஓவரிலேயே ஒரு முறையீடு எழலாம். அப்போது அந்த நடுவர் சொல்லப்போகும் விடை, ஆட்டமில்லாத மாதங்களில் அவர் படித்தவற்றிலிருந்தும், படிக்க நாம் அவருக்கு அமைத்துக் கொடுத்தவற்றிலிருந்துந்தான் வரும். ஒன்றும் அமைத்துக் கொடுக்காமல் இருந்துவிட்டு, தீர்ப்புத் தவறும்போது மட்டும் நடுவுநிலைமையைப் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை.